சுக்கான் இருப்பது விமானத்தைத் திருப்புவதற்கு அல்ல

நாங்குநேரிப் பக்கத்துப் பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சென்னையிலிருந்து மதுரைக்கு ஜெட் விமானத்தில் வந்தேன். கடைசிக்கு முந்திய வரிசையில் ஜன்னல் ஓரம். விமானம் திரும்பும்போதெல்லாம் இறக்கையில் இருந்த பலகைகள்தான் அசைந்தன. அப்படியானால் வாலில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்தச் சுக்கான் எதற்கு? பைலட் காலால் மிதிக்கும் பெடல்கள் எதற்கு? என் இருக்கை மட்டும் இடமும் வலமும் ஆடிக்கொண்டே வந்ததே, அது ஏன்? போயிங் 737 ரகத்தில் சுக்கான் தானாகவே திரும்பி விபத்துகள் நடந்தன என்கிறார்களே, இன்றைக்கு அந்த ஆபத்து இல்லையா?”

தம்பி, நான் விமானப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் இருப்பவன். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பள்ளிப் புத்தகத்துப் படங்களில்தான் வாலில் ஓர் அம்புக்குறி போட்டு “விமானத்தைத் திருப்ப உதவுவது” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். செங்குத்து வாலின் பின்னோரத்தில் கதவுபோல இடமும் வலமும் திரும்பும் பலகைதான் சுக்கான். பயணிகள் ஜெட்டில் அதன் முதல் வேலை விமானத்தைத் திருப்புவது அல்ல. மூக்கு தானாகத் திரும்ப முயலும்போது அதைத் தடுத்துப் பிடித்து நிறுத்துவதுதான்.

படகில் சுக்கானைத் திருப்பினால் படகு திரும்பிவிடும். தண்ணீர் அடர்த்தியானது, படகின் வயிற்றைப் பக்கவாட்டில் தாங்கித் தள்ளும். காற்று அப்படித் தாங்காது. 35,000 அடியில் பைலட் சுக்கானை மட்டும் இடப்பக்கம் தள்ளினால், மூக்கு இடப்பக்கம் பார்க்கும். உடலோ முன்பு போன திசையிலேயே பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும். பயணிகள் வலப்பக்கச் சுவரோடு சாய்வார்கள். விமானம் முறையாகத் திரும்ப வேண்டுமானால் ஏதோ ஒரு விசை அதை வளைவின் உட்புறம் இழுக்க வேண்டும். அந்த விசையைத் தரக்கூடியது இறக்கையின் தூக்குவிசைதான். அதனால் இறக்கையின் வெளி ஓரத்தில் உள்ள எய்லரான் என்னும் அசையும் பலகைகளையும் மேலே எழும் ஸ்பாய்லர் பலகைகளையும் கொண்டு விமானத்தை ஒரு பக்கம் சாய்க்கிறார்கள். வழக்கமாக 25 முதல் 30 பாகை வரை. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை சாய்ந்த பக்கமாகவும் இழுக்கும், விமானம் வளையும். நீங்கள் ஜன்னல் வழியே பார்த்தது இதைத்தான்.

அந்தத் திருப்பத்திலும் சுக்கானுக்குச் சின்ன வேலை உண்டு. உயரும் பக்கத்து இறக்கை கூடுதல் தூக்குவிசை பெறும்போது கூடுதல் இழுவையையும் வாங்கிக்கொள்கிறது. இடப்பக்கம் திரும்பச் சாய்த்தால் மூக்கு வலப்பக்கம் நழுவப் பார்க்கும். அதைச் சரிக்கட்டச் சுக்கான் ஓரிரு பாகை அசையும். சிறிய பயிற்சி விமானத்தில் இதைப் பைலட் காலால் செய்ய வேண்டும். ஜெட்டில் கணினியே செய்துவிடுகிறது. பைலட்டின் பாதங்கள் பெடலின் கீழே தரையில் சும்மா இருக்கும். பறத்தலின் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது.

பிறகு ஏன் அவ்வளவு பெரிய சுக்கான்? அதன் அளவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கெட்ட நேரம்: புறப்படும்போது ஓர் எஞ்சின் நின்றுபோவது.

ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எஞ்சினும் உடலின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஆறு மீட்டர் தள்ளித் தொங்குகிறது. முழு வேகத்தில் சுமார் 12 டன் விசையோடு தள்ளுகிறது. இரண்டும் ஓடும்வரை சமம். இடது எஞ்சின் நின்றால், வலது எஞ்சினின் 12 டன் ஆறு மீட்டர் தள்ளி நின்று விமானத்தை இடப்பக்கம் முறுக்கும். நின்ற எஞ்சினின் விசிறி வேறு காற்றை மறித்து, அதே திசையில் இழுக்கும். இந்த முறுக்கத்தைச் சமன் செய்ய, ஈர்ப்பு மையத்திலிருந்து பதினைந்து மீட்டர் போலப் பின்னால் இருக்கும் வால் நாலைந்து டன் விசையைப் பக்கவாட்டில் தர வேண்டும் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். அதுவும் ஓடுபாதையில், வேகம் குறைவாக இருக்கும்போது. வேகம் குறைந்தால் சுக்கானின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து குறையும். எஞ்சினின் தள்ளுவிசை அப்படிக் குறைவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்துக்குக் கீழே ஓர் எஞ்சின் போனால், மறு எஞ்சின் முழு வேகத்தில் இருக்கும்வரை சுக்கானால் மட்டும் நேர்கோட்டைப் பிடிக்க முடியாது. புறப்பாட்டைக் கைவிட்டு இரண்டு எஞ்சின்களையும் அடக்குவது ஒன்றே வழி. அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் சோதனையின் விதியைப் பாருங்கள்: எஞ்சின் நின்ற பிறகு விமானம் பழைய நேர்கோட்டிலிருந்து 30 அடிக்கு மேல் விலகக் கூடாது, மூக்குச் சக்கரத்தின் உதவியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் ஓடுபாதை நனைந்து வழுக்கலாம், பைலட் பெடலில் கொடுக்கும் பலம் 150 பவுண்டுக்கு, அதாவது சுமார் 68 கிலோவுக்கு, மேல் தேவைப்படக் கூடாது.

இதிலிருந்து வரும் ஒரு விசித்திரத்தைப் பல பேர் கவனிப்பதில்லை. விமானத்தின் நீளத்தைக் குறைத்தால் வால் பெரிதாகும். ஏர்பஸ் குடும்பத்தில் மிகக் குட்டையான ஏ318 விமானத்துக்கு, அண்ணன் ஏ320-ஐ விட 75 சென்டிமீட்டர் உயரமான வால். போயிங் 747-ஐக் குறுக்கிச் செய்த 747எஸ்பி ரகத்திலும் இதே கதை. உடல் குறுகியதால் வாலுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் உள்ள தூரம் குறைந்துபோனது. தூரத்தில் இழந்ததைப் பரப்பில் ஈடுகட்டினார்கள்.

இரண்டாவது வேலை, பக்கவாட்டுக் காற்று. இதை நம் சீமைக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் பாய்ந்து வரும் மேல்காற்றை நம்பித்தானே கயத்தாறிலிருந்து பணகுடிவரை காற்றாலைகள் நிற்கின்றன. வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதையில் 10, 28 என்று இரண்டு முனைகளிலும் எழுதியிருக்கும். 100 பாகை, 280 பாகை என்று அர்த்தம். ஏறத்தாழக் கிழக்கு மேற்கு. மேல்காற்றுக் காலத்தில் காற்று ஓடுபாதையோடு ஓரளவு ஒத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் அடிக்கிறது என்று வையுங்கள். கிழக்கு நோக்கி இறங்கும் விமானத்துக்கு அது இடப்பக்கம் 55 பாகையில் வருகிறது. குறுக்கே தள்ளும் பங்கு 16 நாட். 135 நாட்டில் இறங்கும் ஜெட், ஓடுபாதையின் நேர்கோட்டில் நிலைத்து வர வேண்டுமானால் மூக்கைச் சுமார் 7 பாகை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, நண்டு நடையாகத்தான் வர முடியும்.

அப்படியே கோணலாகத் தரை தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் தேயும். அதனால் தரைக்குச் சில அடிகள் இருக்கும்போது பைலட் வலது பெடலை மிதித்து மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டு வருகிறார். அதே நேரத்தில் இடது இறக்கை காற்றில் எழும்பிவிடாமல் இடப்பக்கம் எய்லரான் கொடுத்து அழுத்திப் பிடிக்கிறார். கையும் காலும் எதிரெதிர்த் திசைகளில் வேலை செய்யும் சில விநாடிகள் அவை. “பைலட் கோணலாக இறக்கினார்” என்று குறை சொல்லும் பயணிகளுக்கு ஒரு முறையாவது அந்த இருக்கையைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

தரையில் ஓடும்போதும் பெடல்களுக்கு வேலை இருக்கிறது. 737 ரகத்தில் பெடல் மூக்குச் சக்கரத்தை 7 பாகை மட்டுமே திருப்பும். நிறுத்துமிடத்துக்குள் வளைந்து நுழைய, கையால் திருப்பும் சிறிய சக்கரம் ஒன்று பைலட்டின் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அது 78 பாகை வரை திருப்பும். பெடலின் மேல்பாதியை நுனிக்காலால் அழுத்தினால் பிரேக். புறப்படும் ஓட்டத்தில் 40 முதல் 60 நாட் வேகத்துக்குள் சுக்கான் காற்றைப் பிடிக்க ஆரம்பித்துவிடும். அதன் பிறகு திசை சுக்கானின் பொறுப்பு.

இனி உங்கள் இருக்கை ஆடிய கதை. ஜெட்டின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது வேகத்துக்காக. அதற்கு ஒரு விலை உண்டு. ஏதோ ஒரு காற்றுத் தட்டலில் மூக்கு இடப்பக்கம் கொஞ்சம் திரும்புகிறது என்று வையுங்கள். உடனே வலது இறக்கை காற்றை அதிக நேராகச் சந்திக்கிறது. அதில் தூக்குவிசையும் கூடுகிறது, இழுவையும் கூடுகிறது. தூக்குவிசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கிறது. இழுவையும் செங்குத்து வாலும் சேர்ந்து மூக்கை வலப்பக்கம் திருப்புகின்றன. மூக்கு நடுக்கோட்டில் நிற்காமல் மறுபக்கம் கடந்து போகிறது. அங்கே இதே நாடகம் தலைகீழாக நடக்கிறது. சில விநாடிக்கு ஒரு சுற்று என்று, மூக்கு திரும்புவதும் இறக்கை சாய்வதும் மாறி மாறி வரும் இந்த ஆட்டத்துக்கு டச்சு ரோல் என்று பெயர். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, ஆட்டம் தானாக அடங்குவதும் குறையும்.

இது வெறும் அசௌகரியம் என்று நினைக்க வேண்டாம். 1959 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பிரானிஃப் நிறுவனத்துக்குக் கொடுக்கவிருந்த ஒரு போயிங் 707 பயிற்சிப் பறத்தலில் இருந்தது. டச்சு ரோலை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டினார்கள். அது அனுமதித்த அளவைத் தாண்டிப் போய், எஞ்சின்கள் இறக்கையிலிருந்து பிய்ந்து விழுந்தன. விமானத்தில் இருந்த எட்டுப் பேரில் நால்வர் இறந்தார்கள்.

இதை அடக்குவதற்கென்றே வைத்திருக்கும் கருவிதான் யா டேம்பர். மூக்கு இட வலமாகத் திரும்பும் அசைவுக்கு யா என்று பெயர். அதைத் தணிப்பது டேம்பர். உள்ளே ஒரு கைரோ, மூக்கு எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். மூக்கு இடப்பக்கம் ஓடினால் சுக்கானை வலப்பக்கம் சிறிது தட்டும். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். ஒரு சிக்கல் இதில் உண்டு. விமானம் ஒழுங்காகத் திரும்பும்போதும் மூக்கு திரும்பிக்கொண்டுதானே இருக்கிறது? அதையும் ஆட்டம் என்று எண்ணி டேம்பர் எதிர்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் பைலட்டோடு மல்லுக்கட்டும். அதனால் கைரோவின் சமிக்ஞையை ஒரு வடிகட்டியில் விடுகிறார்கள். சில விநாடிகளில் போய் வரும் ஆட்டத்தை அது கடக்க விடும். நிலையாக நீடிக்கும் திருப்பத்தைச் சற்று நேரத்தில் மறந்துவிடும். நான் பார்த்த மின்னணுச் சுற்றுகளில் இத்தனை எளிமையாக இத்தனை புத்தியோடு நடந்துகொள்வது குறைவு.

டேம்பரின் அசைவு பெடலுக்குத் திரும்பி வராது. எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானை இயக்கும் ஹைட்ராலிக் கருவிக்குள்ளேயே அது தன் பங்கைச் சேர்த்துவிடும். பைலட்டின் காலுக்கு ஒன்றுமே தெரியாது. அதன் அதிகாரமும் சில பாகைகளோடு முடிந்துவிடும்படிதான் பழைய ரகங்களில் கட்டிவைத்தார்கள். கருவி பைத்தியம் பிடித்தாலும் பைலட் எளிதாகச் சமாளிக்க வேண்டும் அல்லவா? உங்கள் இருக்கை ஆடியதற்கு வருவோம். விமானம் சுழலும் மையம் இறக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைசி வரிசை அதிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி. மூக்கு அரைப் பாகை திரும்பினால் இறக்கையருகே இருப்பவருக்குத் தெரியாது. உங்களுக்கு அரைச் சாணுக்கு மேல் பக்கவாட்டு அசைவு. டேம்பர் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. இல்லாமல் போயிருந்தால் சாப்பிட்டது வயிற்றில் நின்றிருக்காது. வாந்தி வருபவர்கள் இறக்கை மேல் இருக்கை கேட்டு வாங்குவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

சுக்கானை எது அசைக்கிறது? மதுரைக்கு வரும் ஜெட்டுகளில் மனிதக் கால் பலம் இதற்குப் போதாது. 737 போன்ற விமானத்தில் பெடலிலிருந்து இரும்புக் கம்பி வடங்கள் தரைக்கு அடியில் வால்வரை ஓடி, அங்கே ஒரு சிறு நெம்புகோலைத்தான் அசைக்கின்றன. அந்த நெம்புகோல் ஒரு வால்வைத் திறக்கிறது. சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் நிற்கும் எண்ணெய் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சுக்கானைத் தள்ளுகிறது. இப்படிச் செய்ததும் புதிய குறை ஒன்று பிறந்தது: காற்று சுக்கானை எவ்வளவு எதிர்க்கிறது என்ற உணர்வு பைலட்டின் காலுக்கு வருவதில்லை. எண்ணெய் அதை மறைத்துவிடுகிறது. ஆகவே பெடலுக்கு எதிராக ஸ்பிரிங் வைத்துச் செயற்கையாக ஓர் இறுக்கத்தைக் கொடுக்கிறார்கள். 130 நாட்டிலும் 300 நாட்டிலும் அந்த ஸ்பிரிங் ஒரே மாதிரி இருந்தால் பைலட்டுக்கு எப்படித் தெரியும்? கீழே ஒரு விபத்தில் இந்த விஷயம் திரும்ப வரும்.

எஞ்சின் நின்றால் காப்பாற்றும் அளவு பலமுள்ள சுக்கான், அதிவேகத்தில் முழுதாகத் திரும்பினால் வாலையே ஒடித்துவிடும். எனவே வேகம் கூடக் கூட அதன் அசைவைக் குறைக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. எண்ணெய் அழுத்தத்தை அளவாக வைத்து, காற்றே சுக்கானைத் தள்ளி நிறுத்தும்படி விடுவது ஒன்று. பெடலின் அசைவு மாறாமல், சுக்கானுக்குப் போகும் பங்கை மட்டும் குறைப்பது இன்னொன்று. பெடலும் சேர்ந்து குறுகிய தூரத்திலேயே நின்றுவிடும்படி நகரும் தடுப்பு வைப்பது மூன்றாவது. காகிதத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பைலட்டின் காலுக்கு ஒன்றல்ல.

737 கேள்விக்கு இப்போது வருகிறேன். 727, 747 போன்றவற்றில் சுக்கானையே மேல் கீழ் என்று இரண்டு துண்டாகப் பிரித்து வைத்தார்கள். வேறு ரகங்களில் ஒரே சுக்கானுக்கு மூன்று ஆக்சுவேட்டர்கள், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானைத் தள்ளும் கருவிகள். ஒன்று தவறினால் மற்றவை அதை அடக்கும். 737-இல் மட்டும் ஒரே பலகை. அதற்கு ஒரு முக்கிய ஆக்சுவேட்டர், அவசரத்துக்கு ஒரு மாற்று. முக்கிய ஆக்சுவேட்டருக்குள், எண்ணெய் எந்தப் பக்கம் பாய்வது என்று தீர்மானித்த சர்வோ வால்வு ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயாக நகரும் இரட்டை வால்வு. உள்குழாய் சிக்கினால் வெளிக்குழாய் வேலையைப் பார்க்கும், வெளிக்குழாய் சிக்கினால் உள்குழாய் பார்க்கும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். குழாய்களுக்கு இடையே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு.

1991 மார்ச் 3 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் இறங்க வந்த யுனைடெட் நிறுவனத்தின் 737, பறத்தல் எண் 585, கவிழ்ந்து தலைகுப்புற விழுந்தது. 25 பேர் இறந்தார்கள். காரணம் தெரியவில்லை என்று முதல் அறிக்கை சொன்னது. 1994 செப்டம்பர் 8 அன்று பிட்ஸ்பர்க் அருகே யுஎஸ் ஏர் 427, முன்னால் போன விமானம் கிளப்பிய சுழற்காற்றில் லேசாகத் தட்டுப்பட்டது. அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் அடுத்த கணம் மூக்கு இடப்பக்கம் சுழன்று விமானம் புரண்டது. அரை நிமிடத்துக்குள் தரை, 132 பேர். சிதைவிலிருந்து எடுத்த வால்வில் சிக்கியதற்கான கீறல் எதுவும் இல்லை. விசாரணை நான்கு ஆண்டுகளைத் தாண்டி நீண்டது.

வழி திறந்தது 1996-இல். அந்த ஆண்டு ஜூன் 9 அன்று ரிச்மண்டை நெருங்கிய ஈஸ்ட்விண்ட் 517 அதே கோளாறைச் சந்தித்தும் பத்திரமாக இறங்கியது; பைலட்டுகள் நடந்ததைச் சொல்ல உயிரோடு இருந்தார்கள். அதே காலத்தில் 427-இன் வால்வைக் கடுமையாகக் குளிரவைத்து, சூடான எண்ணெயைத் திடீரென உள்ளே செலுத்திச் சோதித்தார்கள். வெளிக்குழாய் சிக்கியது. உள்குழாய் தன் எல்லையைத் தாண்டி நகர்ந்து, எண்ணெயைத் தவறான பக்கம் அனுப்பியது. பெடலை வலப்பக்கம் மிதித்தால் சுக்கான் இடப்பக்கம் போகும் என்றாகிவிட்டது. சுக்கான் இடப்பக்கம் போவதைப் பார்த்த பைலட் என்ன செய்வார்? வலது பெடலை இன்னும் பலமாக மிதிப்பார். இன்னும் இடப்பக்கம் போகும். சிக்கல் நீங்கினால் வால்வில் ஒரு தடயமும் மிஞ்சாது.

ஈஸ்ட்விண்ட் ஏன் பிழைத்தது என்பதற்கு விடை வேகத்தில் இருக்கிறது. சுக்கான் முழுதாக ஒரு பக்கம் போனால் விமானம் புரளும். அதை எய்லரான்களால் எதிர்க்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே எய்லரான்களின் பலம் சுக்கானின் பலத்துக்கு ஈடாகாது. 427 சுமார் 190 நாட்டில், ஏறத்தாழ அந்த எல்லையிலேயே நின்றது; பைலட்டுகள் மூக்கை மேலே இழுத்ததும் எல்லைக்குக் கீழே போய்விட்டது. ஈஸ்ட்விண்ட் அதைவிட நன்றாகக் கூடுதல் வேகத்தில் இருந்தது. மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுப்பதுதான் மருந்து. தரையை நோக்கிப் புரண்டு விழும் விமானத்தில் மூக்கைத் தாழ்த்த எந்த மனிதக் கை துணியும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

1999 மார்ச்சில் இறுதி அறிக்கை வந்தது. நிறுவனங்கள் இறங்க வரும்போது காக்க வேண்டிய குறைந்தபட்ச வேகங்களைக் கூட்டின, பயிற்சியை மாற்றின. உயரே பறக்கும்போது சுக்கானின் எண்ணெய் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி சேர்ந்தது. 2002-இல் அமெரிக்க விமானத்துறை, எல்லா 737 விமானங்களிலும் சுக்கான் இயக்கத்தை மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இரட்டைக் குழாய் வால்வு போயிற்று. இரண்டு தனித்தனி வால்வுகள், தனித்தனி இணைப்புத் தண்டுகள். ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் அதைக் கண்டுபிடித்து மாற்று ஆக்சுவேட்டரைத் தானாக இயக்கும் ஏற்பாடு. இன்றைக்கு நீங்கள் ஏறும் 737 இந்தப் புதிய அமைப்போடு வருவதுதான்.

அதற்காக 737-இன் சுக்கான் கதை முடிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். 2024 பிப்ரவரி 6 அன்று நெவார்க்கில் தரை தொட்ட ஒரு 737 மேக்ஸ் விமானத்தில் பெடல்கள் நடுவில் அசையாமல் இறுகிவிட்டன. கேப்டன் மூக்குச் சக்கரத்தைக் கையால் திருப்பி ஓடுபாதையில் நிறுத்தினார். யாருக்கும் காயம் இல்லை. மூடுபனியில் தானியங்கியாக இறங்கும்போது சுக்கானைக் கவனிக்கும் ஒரு துணைக் கருவியின் பேரிங்கைத் தயாரிக்கும்போதே தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அடைப்பு இல்லாத பக்கம் வழியே ஈரம் புகுந்து, குளிரில் உறைந்து இறுகியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. வள்ளியூர் வெயிலில் நின்று யோசித்தால் இது வேடிக்கையாகத் தோன்றலாம். 35,000 அடியில் வெளியே மைனஸ் 50 பாகைக்கும் கீழே. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க விசாரணை வாரியம் அவசரப் பரிந்துரை வெளியிட்டது.

இன்னொரு பெரிய விபத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் கருவி ஒன்றும் பழுதாகவில்லை. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300-600. முன்னால் போன 747-இன் சுழற்காற்றில் குலுங்கியது. துணைப் பைலட் பெடலை வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி முழுதாக மிதித்தார். வால் விமானத்திலிருந்து கழன்று விழுந்தது. தரையில் இருந்த ஐவரையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள்.

அந்த விமானத்தில் இருந்தது நான் மேலே மூன்றாவதாகச் சொன்ன வழி, நகரும் தடுப்பு. 250 நாட் வேகத்தில் பெடல் சுமார் 3 சென்டிமீட்டர் மட்டுமே போகும். பெடல் அசைய ஆரம்பிக்கவே 22 பவுண்டு பலம் வேண்டும். 32 பவுண்டில் கடைசிக்கே போய்விடும். அதாவது ஒன்றுமில்லாததற்கும் முழுமைக்கும் நடுவே 10 பவுண்டு. பதற்றத்தில் இருக்கும் கால் அந்த இடைவெளியில் அளந்து மிதிக்கவா முடியும்? ஒரு பக்கம் முழுதாக மிதித்ததும் விமானம் சறுக்கலில் ஊசலாடி, நிலைகொள்ள வேண்டிய கோணத்தையும் தாண்டிப் போகிறது; அந்த உச்சத்தில் பெடலை மறுபக்கம் மாற்றினால், சறுக்கல் தரும் சுமையும் சுக்கான் தரும் சுமையும் வாலில் ஒரே திசையில் கூடுகின்றன. வால் ஒடிந்தபோது அதன் மேல் இருந்த சுமை, வடிவமைப்பில் வைத்த எல்லையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. வால் பலவீனமானது என்று யாரும் சொல்ல முடியாது. “இந்த வேகத்துக்குக் கீழே எந்தக் கட்டுப்பாட்டையும் முழுதாகப் பயன்படுத்தலாம்” என்று பைலட்டுகள் நம்பிய வேக எல்லை, ஒரு திசையில் ஒரு முறை மிதிப்பதற்கு மட்டுமே பொருந்தும்; மாற்றி மாற்றி மிதிப்பதற்கு அல்ல. இதைப் பாடமாக யாரும் அவர்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. என் கணக்கில், 427-ஐ விட 587-இல்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கணினிவழிக் கட்டுப்பாடு வந்த பிறகு இவற்றில் பல மாறின. ஏ320-இல் பெடலிலிருந்து வடங்கள் போனாலும், டேம்பர் வேலை, திருப்பத்தைச் சீர்செய்வது, அசைவை வேகத்துக்கேற்பக் குறைப்பது மூன்றையும் இரண்டு கணினிகள் பார்க்கின்றன. மூன்று தனித்தனி எண்ணெய்க் குழாய் அமைப்புகள் மூன்று ஆக்சுவேட்டர்களுக்கு ஊட்டுகின்றன. போயிங் 777 ஒரு படி மேலே போய், ஓர் எஞ்சின் நின்றால் தள்ளுவிசையின் ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டுச் சுக்கானைத் தானே திருப்பிவிடுகிறது. நம் பக்கம் அதிகம் பறக்கும் ஏடிஆர், புரொப்பெல்லர் விமானம்; அதன் சுக்கான் இன்னும் வடத்தால், கால் பலத்தால் ஓடுவது, 185 நாட்டுக்கு மேல் அசைவைக் குறைக்கும் தடுப்போடு.

சுக்கானே இல்லாமல் போனால்? 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, ஒரு 747. ஏழு ஆண்டுகளுக்கு முன் தவறாகப் பழுதுபார்த்த பின்பக்க அழுத்தச் சுவர் வெடித்து, செங்குத்து வாலின் பெரும்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. நான்கு எண்ணெய் அமைப்புகளின் குழாய்களும் அந்த வாலுக்குள் ஓடியவை. எல்லாம் ஒழுகித் தீர்ந்தன. டச்சு ரோலை அடக்க ஒன்றுமில்லை. எஞ்சின்களின் வேகத்தை இடமும் வலமுமாகக் கூட்டிக் குறைத்து அரை மணி நேரத்துக்கு மேல் அதைக் காற்றில் வைத்திருந்தார்கள். 520 பேர் இறந்தார்கள், நால்வர் மிஞ்சினார்கள். மகேந்திரகிரியில் சோதிக்கும் விகாஸ் போன்ற ராக்கெட் எஞ்சின்கள் வாயையே சாய்த்துத் திசை பிடிக்கும்; இறக்கையில் இறுகத் தொங்கும் எஞ்சினுக்கு அந்த வசதி கிடையாது.

அதற்குப் பிறகு 747-இல் வாலுக்குப் போகும் குழாய் உடைந்தால் எண்ணெய் முழுதும் வடியாதபடி தடுக்கும் வால்வு வைத்தார்கள். ஏ380-இல் சுக்கான் இரண்டு பலகை, நான்கு ஆக்சுவேட்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சொந்தமாக ஒரு சிறிய மின் பம்பும் சொந்த எண்ணெயும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் குழாய்கள் எல்லாம் அறுந்தாலும், மின்கம்பி ஒன்று உயிரோடு இருந்தால் சுக்கான் அசையும்.